நிரலாக்கம் படிக்கும் மாணவன் தன்னை ஹேக்கர் என்று சொல்லிக்கொள்ளலாமா?

தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். ஹேக்கர் என்றால் அடுத்தவர் கணினிக்குள் புகுபவன் என்று மட்டும் பொருளில்லை. ஒரு பொருளைத் திறந்து பார்த்து, தனக்கு வேண்டியபடி வேலை செய்ய வைப்பவனும் ஹேக்கர்தான். அந்தப் பெயரைத் தானே சூட்டிக்கொள்வதைவிட மற்றவர்கள் அழைப்பதே மேல் என்று எரிக் ரேமண்ட் பராமரித்த ஜார்கன் ஃபைல் என்ற ஹேக்கர்களின் சொல்லகராதியில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நீங்கள் டிப்ளோமா மாணவராக இருப்பீர்கள், வகுப்பில் தமிழர் ஒன்றிரண்டு பேர்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்களை அப்படி அழைக்க யார் வரப்போகிறார்கள்?

பினாங்கில் நான் படித்த காலத்தில், எங்கள் தாமான் (குடியிருப்பு) கோயிலில் அர்ச்சனை ரசீதுக்குத் தெர்மல் பிரிண்டர் வாங்கினார்கள். ஆங்கிலம் நன்றாக வந்தது. தமிழில் பெயர் அடித்தால் வெறும் கேள்விக்குறிகள். "தமிழெல்லாம் வராது, ஏபிசியிலேயே அடிங்க" என்று விற்ற கடைக்காரர் சொல்லிவிட்டார். கோயில் தலைவரும் சரி என்றுவிட்டார். எனக்கு மனம் கேட்கவில்லை. அந்தப் பிரிண்டருக்குள் தமிழ் எழுத்துரு கிடையாது. இருந்தாலும் கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைக்க அதற்குத் தெரியாது. அதனால் எழுத்தாக அனுப்புவதையே விட்டேன். கணினியிலேயே ஹார்ஃப்பஸ் நிரலகத்தைக் கொண்டு எழுத்துகளை அடுக்கி, வரி முழுவதையும் கறுப்பு வெள்ளைப் படமாக்கி அனுப்பினேன். 58 மில்லிமீட்டர் தாளில் குறுக்கே 384 புள்ளிகள், எட்டுப் புள்ளிக்கு ஒரு பைட் என்று 48 பைட். அந்தக் கணக்கு பிடிபட்டதும் "செல்லம்மா, கேட்டை நட்சத்திரம்" என்று அச்சுப் பிசகாமல் வந்தது. நிரலை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டுவிட்டேன்.

ரிச்சர்ட் ஸ்டால்மனின் கதையை அப்புறம்தான் படித்தேன். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வகத்தில் தாள் சிக்கினால் தகவல் சொல்லும்படி பழைய பிரிண்டரின் நிரலை அவர் மாற்றி வைத்திருந்தார். புதிய ஜெராக்ஸ் பிரிண்டர் வந்தபோது மூல நிரலைத் தர மறுத்துவிட்டார்கள். 1983இல் யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய மென்பொருளுக்கான க்னூ திட்டத்தை அவர் அறிவித்ததற்குப் பின்னால் அந்தக் கோபமும் உண்டு. படித்ததும் இவர் நம்ம ஆள் என்று தோன்றியது. அதைவிட நெருக்கமானவர் நம் மலேசியாவின் முத்து நெடுமாறன். கணினியில் தமிழ் எழுதுவதே பெரிய காரியமாக இருந்த 1980களில் முரசு மென்பொருளை உருவாக்கியவர்.

பையன்களைத் திருடத் தூண்டுகிறான் என்று யாராவது கிளம்புவார்கள், தெரியும். அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைந்தால், மலேசியாவின் 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் 50,000 ரிங்கிட் வரை அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கும். கல்லூரி சர்வரைத் தொடாதீர்கள். நான் சொல்வது உங்கள் கையில் இருக்கும் பொருளைத் திறந்து பார்ப்பதை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நேர்முகத் தேர்வில் இந்த நிரலைக் காட்டினேன். பார்த்தவர் முதலில் கேட்டது, "மாண்டரின் பேசுவாயா?" சர்வர் பராமரிக்கும் வேலை அது, வாடிக்கையாளரிடம் பேசவே தேவையில்லை. சீன மொழி கேட்பது தப்பென்று சொல்லவில்லை. வேண்டுமென்றால் விளம்பரத்திலேயே போடட்டும், நாங்கள் பஸ் ஏறி பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வரை போயிருக்க மாட்டோம். இன்றைக்கும் அது ஆறவில்லை.

சரி, உங்களுக்குக் கைவேலை வேண்டுமானால் ஒன்று இருக்கிறது. என் நிரல் 58 மில்லிமீட்டர் தாளுக்கு மட்டும்தான். பெரிய கோயில்களில் 80 மில்லிமீட்டர் பிரிண்டர் வைத்திருக்கிறார்கள். அதில் பெரும்பாலும் 576 புள்ளிகள். அந்தப் பகுதியை நீங்கள் எழுதினால் உங்கள் பெயரோடு சேர்த்துவிடுகிறேன்.