ஃபைன் கட்டி முடித்த பழைய கேஸ், மேன்பவர் வேலைக்குக் குறுக்கே நிற்கிறது. என்ன செய்யலாம்?

கேள்வி: வக்கீல் சார், எனக்கு 27 வயது. ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்திருக்கிறேன். 2019-ல் எங்கள் ஊர்த் திருவிழாவில் நடந்த தகராறில் என் மீதும் நண்பர்கள் மீதும் கேஸ் போட்டார்கள். இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(1) என்று எஃப்.ஐ.ஆரில் இருந்தது. 2021-ல் கோர்ட்டில் 1,500 ரூபாய் ஃபைன் கட்டி முடித்துவிட்டோம். அப்புறம் ஒரகடம் பக்கம் இரண்டு கம்பெனிகளில் மேன்பவர் ஏஜென்சி மூலம் கான்ட்ராக்டில் வேலை பார்த்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. சமீபத்தில் வேறொரு ஏஜென்சி என்னைப் பெரிய கம்பெனி ஒன்றுக்கு அனுப்பியது. படிவத்தில் குற்ற வழக்கில் தண்டனை பெற்றதுண்டா என்ற இடத்தில் 'இல்லை' என்று டிக் அடிக்கச் சொன்னதே ஏஜென்சி ஆள்தான். மூன்று வாரம் வேலை பார்த்த பிறகு, வெரிஃபிகேஷனில் ஃபெயில் என்று கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்தச் சம்பளம் வரவில்லை. ஒரிஜினல் சர்டிபிகேட்டும் ஏஜென்சியிடம் இருக்கிறது. பத்தாயிரம் கொடுத்தால் 'க்ளியர்' ரிப்போர்ட் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். செக்யூரிட்டி வேலைக்குப் போனால் இதெல்லாம் கேட்க மாட்டார்கள் என்கிறார் இன்னொருவர். துபாய் போகும் எண்ணமும் இருக்கிறது. எனக்கு என்ன வழி?

பதில்: தம்பி, முதலில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஃபைன் கட்டி 'முடித்த' கேஸ் என்பது சட்டத்தின் கண்ணில் நீங்கள் தண்டனை பெற்ற கேஸ். ஜெயிலுக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் கைகலப்பு, வாய்த்தகராறு என்றாலே நீங்கள் எழுதிய மூன்று பிரிவுகளும் ஒன்றாகத்தான் வரும்: ஆபாசமாகத் திட்டியது, கையால் அடித்தது, மிரட்டியது. வாய்தாவுக்கு அலைந்து அலுத்துப்போய், "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடு, ஒரே நாளில் முடிஞ்சுடும்" என்று யாரோ சொல்ல, கூண்டு ஓரம் வரிசையாக நின்று, நடுவர் "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்டதும் தலையாட்டி, ரசீது வாங்கிக்கொண்டு டீ குடிக்கப் போயிருப்பீர்கள். அந்தத் தலையாட்டலுக்குச் சட்டத்தில் குற்ற ஒப்புதல் என்று பெயர். அதன்பேரில் நடுவர் எழுதிய ஒரு பக்கத் தீர்ப்புதான் இன்று உங்களை கேட்டில் நிறுத்தியிருக்கிறது. அன்று எதிர்த் தரப்போடு சமரசமாகியிருந்தால், சமரசத்துக்கு உட்பட்ட பிரிவுகளில் அது விடுதலைக்குச் சமம். அடித்த 323-ஐயும் மிரட்டிய 506(1)-ஐயும் அப்படி முடித்திருக்கலாம். இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கோர்ட் வராந்தாவில் கிடைக்கும் இலவச ஆலோசனையின் லட்சணம் அது.

எனவே முதல் வேலை, அந்தத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்குவது. எந்த நடுவர் நீதிமன்றமோ அங்கே நகல் மனு போடுங்கள். வழக்கு எண் தெரியாவிட்டால் இ-கோர்ட்ஸ் தளத்தில் எஃப்.ஐ.ஆர். எண், காவல் நிலையம், ஆண்டு கொடுத்துத் தேடலாம். சி.சி. அல்லது எஸ்.டி.சி. என்று தொடங்கும் எண்ணும், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணும் இருக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பிரிவில் தண்டனை, எந்தப் பிரிவு கைவிடப்பட்டது என்று நகலைப் பார்க்காமல் எந்த வக்கீலாலும் உருப்படியாக எதுவும் சொல்ல முடியாது. மூன்று பிரிவில் குற்றப்பத்திரிகை போட்டு ஒன்றில் மட்டும் ஃபைன் விதித்த தீர்ப்புகளும் உண்டு.

முன்பு இரண்டு கம்பெனியில் யாரும் கேட்கவில்லையே, இப்போது எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று நினைப்பீர்கள். பெரிய கம்பெனிகள், ஏஜென்சி அனுப்பும் ஆட்களையும் சேர்த்து, பின்னணி சரிபார்க்கும் தனி நிறுவனங்களிடம் விடுகின்றன. அவர்கள் பெரும்பாலும் கோர்ட் தளங்களில் பெயர் போட்டுத் தேடுகிறார்கள். சில கம்பெனிகள் தமிழ்நாடு காவல்துறையின் ஆன்லைன் சரிபார்ப்புச் சேவையையும் கேட்கின்றன. சின்ன யூனிட்டுகளில் ஆதாரும் பேங்க் பாஸ்புக்கும் போதும். பெயர் போட்டுத் தேடுவதில் நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. குடும்பப் பெயர் இல்லாமல் இனிஷியலோடு வாழும் நமக்கு, ஒரே மாவட்டத்தில் அதே பெயரில், அதே இனிஷியலில் பல பேர் இருப்பார்கள். அதனால் எந்த வழக்கு எண்ணை வைத்து உங்களை நிராகரித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் வழக்கு அல்லாத ஒன்றும் உங்கள் கணக்கில் ஏறியிருந்தால், அப்பா பெயர், வயது, முகவரி காட்டி அதை நீக்கச் சொல்லலாம்.

சரி, அந்த 'இல்லை' டிக்குக்கு வருவோம். டிக் அடிக்கச் சொன்னது ஏஜென்சி ஆள், கையெழுத்து உங்களுடையது. நாளைக்கு அவர் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்பார். வேலை போனதற்கு அந்த 1,500 ரூபாய் கேஸைவிட இந்த டிக்தான் பெரிய காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். கோர்ட்டுகளும் இப்படித்தான் பார்க்கின்றன. அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-ல் கொடுத்த தீர்ப்பு இதில் முக்கியமானது. அரசு வேலையில் வழக்கை மறைத்தவர்கள் பற்றியது அது. கொடுக்கும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். மறைத்த வழக்கு சாதாரணமானது என்றால், வேலை கொடுப்பவர் தம் விருப்புரிமைப்படி அதைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்றும் சொன்னது. குறிப்பாக எதைக் கேட்டார்களோ அதைச் சொன்னால் போதும், கேட்காததைச் சொல்லவில்லை என்று குறை சொல்ல முடியாது என்றும் சொன்னது.

தனியார் கம்பெனிக்கு அந்தத் தீர்ப்பு நேரடியாகப் பொருந்தாது. பழைய தண்டனையைக் காரணம் காட்டித் தனியார் வேலை மறுக்கக் கூடாது என்று தடுக்கும் சட்டம் நம் நாட்டில் இல்லை. சில வெளிநாடுகளில் விண்ணப்பத்தின் முதல் கட்டத்திலேயே இந்தக் கேள்வியைக் கேட்கத் தடை இருக்கிறது, இங்கே அதுவும் இல்லை. ஆகவே "என்னைத் திரும்ப எடுங்கள்" என்று அந்தக் கம்பெனி மீது கேஸ் போட்டால் ஜெயிப்பீர்கள் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். அந்தத் தீர்ப்பிலிருந்து நமக்கு வேண்டியது ஒன்றுதான்: கேள்வியைச் சரியாகப் படித்து, அதற்கு மட்டும் உண்மையான பதில் எழுதுவது. "வழக்கு நிலுவையில் உள்ளதா?" என்றால் உங்கள் பதில் 'இல்லை', அது நேர்மையான பதில். "தண்டிக்கப்பட்டதுண்டா?" என்றால் 'ஆம்'. "எப்போதாவது வழக்கில் சம்பந்தப்பட்டதுண்டா?" என்றாலும் 'ஆம்'. விடுதலை ஆனவர்கள்கூட இந்த மூன்றாவது கேள்விக்கு 'ஆம், விடுதலை' என்றுதான் எழுத வேண்டும். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

'ஆம்' என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். அந்த ஒற்றைச் சொல்லைப் பார்ப்பவர் கொலைக் கேஸா என்று யோசிப்பார். பக்கத்திலேயே இப்படி எழுதுங்கள்: "2019-ல் ஊர்த் திருவிழாவில் ஏற்பட்ட தகராறு தொடர்பாக ஒரு வழக்கு. 2021-ல் அபராதம் 1,500 ரூபாய் செலுத்தி முடிந்தது. சிறைத் தண்டனை இல்லை. அதன் பிறகு வேறு வழக்கு இல்லை. தீர்ப்பு நகல் இணைத்துள்ளேன்." நகலை நிஜமாகவே இணையுங்கள். முன்பு வேலை பார்த்த இரண்டு இடத்திலும் அனுபவச் சான்றோ, குறைந்தது பி.எஃப். பதிவோ இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள்.

ஏஜென்சியிடம் போகும்போது படிவம் நிரப்புவதற்கு முன்பே சூப்பர்வைசரிடம் வாயால் சொல்லிவிடுவது நல்லது. ஒரே ஏஜென்சி பத்துக் கம்பெனிக்கு ஆள் அனுப்பும், பத்துக்கும் ஒரே விதி கிடையாது. சிலருக்கு எந்தத் தண்டனையும் ஆகாது, சிலருக்குத் திருட்டு, மோசடி, பெண்கள் தொடர்பான கேஸ் இல்லாமல் இருந்தால் போதும். ஏற்காத இடத்துக்கு அனுப்பி மூன்றாவது வாரம் திருப்பி அனுப்பப்படுவதில் ஏஜென்சிக்கும் நஷ்டம்தான். "அதெல்லாம் பார்த்துக்கலாம், 'இல்லை'ன்னு போடு" என்கிற ஏஜென்சியாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

செக்யூரிட்டி வேலை யோசனையை விட்டுவிடுங்கள். உங்களுக்குச் சட்டமே கதவை மூடியிருக்கும் இடம் அதுதான். தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005-ன் பத்தாவது பிரிவு, நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டவரைக் காவலாளியாகவோ சூப்பர்வைசராகவோ வைக்கக் கூடாது என்கிறது. அந்த வாக்கியத்தின் அமைப்பைப் பிடித்துக்கொண்டு, எல்லாத் தண்டனைக்கும் இது பொருந்துமா என்று வாதிட இடம் உண்டு. ஆனால் லைசென்ஸ் போய்விடும் என்று பயப்படும் ஏஜென்சிக்காரர் உங்களோடு உட்கார்ந்து இலக்கணம் பேச மாட்டார். "அங்கே கேட்க மாட்டார்கள்" என்றால், கேட்க வேண்டியதைக் கேட்காத ஏஜென்சி என்று அர்த்தம்.

பத்தாயிரம் கேட்கும் ஆள் பக்கமே போகாதீர்கள். கோர்ட் பதிவை எந்த இடைத்தரகரும் அழிக்க முடியாது. அவர் தரப்போவது போலிச் சான்று. அதைக் கொடுத்து வேலை வாங்கினால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி ஏமாற்றுவதற்காகப் போலி ஆவணம் என்ற குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை. திருவிழாச் சண்டைக்கு ஃபைன் கட்டியவர் என்பது ஒன்று, போலிச் சான்று கேஸ் உள்ளவர் என்பது முற்றிலும் வேறு. பின்னதற்கு நான்கூட நல்ல வார்த்தை சொல்ல முடியாது.

அப்படியானால் அந்தத் தண்டனையை நீக்கவே முடியாதா? நேர்வழி ஒன்று உண்டு, கொஞ்சம் கரடுமுரடானது. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், தண்டனையின் அளவையோ சட்டப்படியான தன்மையையோ தவிர வேறு எதையும் எதிர்த்து அப்பீல் போக முடியாது. ஆனால் கீழ்க் கோர்ட் உத்தரவு சட்டப்படி சரிதானா என்று பார்க்கச் சொல்லி, அமர்வு நீதிமன்றத்தில் சீராய்வு மனு போடலாம். கெடு 90 நாள்தான், ஆண்டுகள் கடந்துவிட்டதால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் சேர வேண்டும். தாமதத்துக்கு நம்பும்படியான காரணம் சொல்ல வேண்டும். அதில் கேட்க வேண்டியது, 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின் பலன். இரண்டு ஆண்டுக்கு மேல் சிறை விதிக்க முடியாத குற்றங்களில், முன்பு தண்டனை இல்லாதவரை எச்சரித்து விட்டுவிட அந்தப் பிரிவு வழி செய்கிறது. உங்கள் மூன்று பிரிவுகளும் அதற்குள் வருகின்றன. சீராய்வில் மேல் நீதிமன்றமே அப்படி உத்தரவிடலாம். அப்படிக் கிடைத்தால், தண்டனையால் சட்டப்படி வரும் தகுதியிழப்பு உங்களைத் தொடாது என்கிறது அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு. அப்போதும் குற்றவாளி என்ற முடிவு பதிவில் இருக்கும், ஆகவே படிவத்தில் பொய் எழுதும் உரிமை வந்துவிடாது. எதிர்த் தரப்பு உங்கள் ஊர்க்காரர்தானே, இப்போது பேச்சுவார்த்தை இருக்கிறதா? இருந்தால் 323, 506(1)-க்கு சமரசத்தையும் சீராய்விலேயே கேட்கலாம். 294(பி) சமரசப் பட்டியலில் இல்லை, அது இடிக்கும்.

இணையத்திலிருந்து பெயரை எடுக்க முடியுமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். விடுதலையான ஒருவரின் பெயரைத் தீர்ப்பில் மறைக்கும்படி 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது உண்மை. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. தண்டனை பெற்றவருக்கு அந்த வழியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மூன்று வாரச் சம்பளத்தில் எந்தக் குழப்பமும் இல்லை. படிவத்தில் தவறு இருந்தாலும் பார்த்த வேலைக்குக் கூலி உண்டு. வேலையிலிருந்து நீக்கினால் இரண்டு வேலை நாளுக்குள் ஊதியத்தைத் தீர்க்க வேண்டும். ஏஜென்சி கொடுக்காவிட்டால் நீங்கள் வேலை பார்த்த கம்பெனியே கொடுக்கும் பொறுப்பும் சட்டத்தில் இருக்கிறது. கேட் பாஸ், வருகைப் பதிவு படம், சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் ஷிப்ட் செய்தி எது இருந்தாலும் அழிக்காமல் வையுங்கள். சான்றிதழைப் பிடித்துவைக்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை. கல்விச் சான்றிதழைப் பணயமாக வைத்துக்கொள்ள முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கல்லூரி வழக்குகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. சம்பளம், சான்றிதழ் இரண்டையும் கேட்டு, ஏழு நாள் கெடு வைத்து, ஏஜென்சிக்கும் கம்பெனியின் மனிதவளப் பிரிவுக்கும் ஒரே கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். கம்பெனிக்கும் போகிறது என்று தெரிந்தாலே பாதி ஏஜென்சிகள் கூப்பிட்டுக் கொடுத்துவிடும். அசையாவிட்டால் சம்பளத்துக்குத் தொழிலாளர் துறை அலுவலகம், சான்றிதழுக்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது.

துபாய் விஷயம் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. பாஸ்போர்ட் மறுக்க, கடந்த ஐந்து ஆண்டுக்குள் ஒழுக்கக்கேடான குற்றத்தில் குறைந்தது இரண்டு ஆண்டு சிறை விதிக்கப்பட்டிருக்க வேண்டும். வெறும் அபராதம் அதில் வராது. நிலுவை வழக்கு இருந்தால்தான் கோர்ட் அனுமதி தேவை, உங்களுக்கு அதுவும் இல்லை. போலீஸ் க்ளியரன்ஸ் சான்று கேட்கும் வேலையாக இருந்தால் ஏஜெண்டிடம் முதலிலேயே தீர்ப்பு நகலைக் காட்டிவிடுங்கள், பணம் கட்டிய பிறகு அல்ல. ஏஜெண்டின் பதிவு எண்ணை, வெளிநாட்டு வேலைக்கான அரசுத் தளமான இ-மைக்ரேட்டில் பாருங்கள். சேவைக் கட்டணமாக அவர் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம்.

சீராய்வு மனுவுக்கு வக்கீல் வைக்கக் கையில் காசு இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், கோர்ட் வளாகத்திலேயே இருக்கும். தொழிலாளி என்ற முறையில் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கேட்கலாம். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் விசாரிக்கலாம். போகும்போது தீர்ப்பு நகலும் ஃபைன் ரசீதும் கையில் இருக்கட்டும். ரசீது தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, நகல் மனுவை மட்டும் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.