தம்பி, அந்த மூன்று வருஷத்தைக் காசு கொடுத்து வாங்காதே

தம்பி, உன் கேள்வியைப் படித்ததும் 2010-இல் லண்டன் ஈஸ்ட் ஹாமில் நாங்கள் ஆறு பேர் படுத்திருந்த அறைதான் ஞாபகம் வந்தது. குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊரில் இருந்து இங்கிலாந்துக்கு வந்து லெஸ்டரில் எம்.எஸ்சி. முடித்திருக்கிறாய். படிப்பு முடிந்தபின் இங்கே தங்கி வேலை பார்க்கத் தருகிற கிராஜுவேட் விசாவில் ஐந்து மாசம் போய்விட்டது, 150 இடத்துக்கு ரெஸ்யூம் போட்டும் ஒரு போன்கூட வரவில்லை. நம்மூர்க்காரர் ஒருவர் 700 பவுண்ட் கொடுத்தால் பெங்களூரில் மூன்று வருஷம் வேலை பார்த்ததாகக் கடிதம் தருகிறேன் என்கிறார், வாங்கலாமா என்று கேட்கிறாய். வாங்காதே.

எங்கள் அறையில் ஒருத்தன் இதே மாதிரிக் கடிதம் வாங்கினான், வேலையும் கிடைத்தது. ஆனால் இங்கே ஆளை எடுத்தபிறகும் விசாரிப்பார்கள். பழைய கம்பெனிக்குப் போன் போடுவார்கள், சம்பளச் சீட்டு கேட்பார்கள், சில இடங்களில் பி.எஃப். விவரமும் கேட்பார்கள். அவன் கடிதத்தில் இருந்த நம்பரை எடுக்க ஆளில்லை. நாலாவது வாரமே வெளியே அனுப்பிவிட்டார்கள். பொய் சொல்லி வேலை வாங்குவது இங்கே 2006-ஆம் ஆண்டு மோசடிச் சட்டத்தின்படி குற்றமாகவே ஆகலாம். அவன் மேல் கேஸ் போடவில்லை, ஆனால் ஊருக்குத் திரும்பிவிட்டான். அவன் அப்பா குலசேகரம் பக்கம் இருந்த ரப்பர் விளையை அடகு வைத்துத்தான் அவனை அனுப்பியிருந்தார். கடிதம் விற்றவர் ஒரு பைசா திருப்பித் தரவில்லை. "எல்லாரும் இப்படித்தான் வந்தாங்க" என்று சொல்லியே பிள்ளைகளைக் கெடுக்கிற இந்த ஆட்களை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. நான் அப்படி வரவில்லை, எனக்குத் தெரிந்த நிறையப் பேரும் அப்படி வரவில்லை.

உன் ரெஸ்யூமைப் பார்த்தபோது எனக்கு வருத்தம் வேறு விஷயத்தில். திருவனந்தபுரம் டெக்னோபார்க் ஐ.டி. வளாகத்தில் பத்து மாசம் சப்போர்ட் வேலை பார்த்தேன், சின்ன வேலை என்பதால் போடவில்லை என்கிறாய். அதுதானப்பா உன் சொத்து! கையில் இருக்கிற பத்து மாசத்தை மறைத்துவிட்டு இல்லாத மூன்று வருஷத்தை விலை பேசுகிறாய். அதை முதல் பக்கத்தில் மேலே கொண்டுவா. ஒரு நாளைக்கு எத்தனை டிக்கெட், அதாவது எத்தனை புகார் பார்த்தாய், டேட்டாபேஸில் தேடுகிற எஸ்.க்யூ.எல். எழுதி எதைக் கண்டுபிடித்தாய், திரும்பத் திரும்ப வந்த எந்தப் பிரச்சினையை நிறுத்தினாய் என்று எழுது. "கடினமாக உழைப்பவன், குழுவாகச் செயல்படுபவன்" என்ற வரிகளை யாரும் படிப்பதில்லை.

அப்புறம் அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், கல்யாணம், பாஸ்போர்ட் நம்பர், போட்டோ, கடைசியில் "மேற்கண்டவை உண்மை" என்ற உறுதிமொழி எல்லாவற்றையும் எடு. இங்கே ரெஸ்யூமில் யாரும் அதைக் கேட்பதில்லை. நாலு பக்கத்தை இரண்டாக்கு. பக்கத்தை இடம், வலம் என்று பிரித்து ஐகான், பட்டை எல்லாம் போட்ட அந்த டெம்ப்ளேட் வேண்டாம், ரெஸ்யூமை வாசிக்கிற மென்பொருள் பல நேரம் வரிகளைக் குழப்பிவிடும். விசா எந்தத் தேதிவரை என்று ஒரு வரி போடு. ஸ்பான்சர் லைசென்ஸ் உள்ள, அதாவது வெளிநாட்டு ஆளுக்கு வேலை விசா ஏற்பாடு செய்ய அனுமதி பெற்ற கம்பெனிகளின் பட்டியலை அரசாங்கமே இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது, அதற்கும் யாருக்கும் காசு கொடுக்காதே. 150 இடத்துக்கு ஒரே ரெஸ்யூமை அனுப்புவதைவிட, வேலை விவரத்தைப் படித்து அதற்கேற்ப மாற்றி 15 இடத்துக்கு அனுப்பு.

நானும் மறைத்தவன்தான். மார்த்தாண்டம் வெட்டுமணி பக்கம் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் இரண்டு வருஷம் இருந்தேன். எம்.எஸ்சி. படித்தவனுக்கு அது கௌரவக் குறைச்சல் என்று நினைத்து எழுதவே இல்லை. ராத்திரி வேர்ஹவுஸில் பெட்டி தூக்கிக்கொண்டு எட்டு மாசம் அலைந்தபிறகுதான், கூட வேலை பார்த்த பஞ்சாபி அண்ணன் ஒருவர் அதையும் போடச் சொன்னார். அடுத்த இன்டர்வியூவில் கேள்வி கேட்ட அம்மா மற்ற எதையும் தொடவில்லை, அந்தக் கடையைப் பற்றித்தான் கேட்டார். ஐப்பசி மழையில் இடி விழுந்தால் மறுநாள் காலையில் கருகின மோடமும், கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டியும் வாசலில் வரிசையாக வந்து நிற்கும், எதை முதலில் சோதிப்பேன், எதைக் கடைசியாகத் திறப்பேன் என்று என் உடைந்த இங்கிலீஷில் அரை மணி நேரம் சொன்னேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார்.

திருத்தி எனக்கு அனுப்பு மக்கா, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன்.