வாசகர் கேள்விகள்: போர் விமானமும் தரையிலிருந்து வரும் தாக்குதலும்

கேள்வி: எங்கள் ஊர் விமானப்படைத் தளத்திலிருந்து சுகோய் விமானங்கள் கிளம்புவதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சந்தேகம் வருகிறது. இத்தனை வேகமும் நவீனக் கருவிகளும் உள்ள போர் விமானத்தை, தரையில் நிற்கும் ஒரு சிப்பாய் தோளில் வைத்து ஏவும் ஏவுகணையால் வீழ்த்திவிட முடியுமா?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: முடியும். விமானம் எந்த உயரத்தில் பறக்கிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது. தோளில் வைத்து ஏவும் ஸ்டிங்கர், இக்லா வகை ஏவுகணைகள் சுடுபவர் நிற்கும் இடத்திலிருந்து ஏறத்தாழ மூன்றரை முதல் நான்கு கிலோமீட்டர் உயரம் வரை எட்டும். 23 மி.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கியின் வீச்சு அதிலும் குறைவு. இந்த எல்லைக்கு மேலே பறக்கும் விமானத்துக்கு ராடாருடன் இயங்கும் பெரிய ஏவுகணைகள்தான் ஆபத்து. அதற்குள் இறங்கிவிட்டாலோ, எவ்வளவு விலையுயர்ந்த விமானமும் ஒரு சிப்பாயின் இலக்காகிவிடுகிறது.

1999 கார்கில் போரில் நம் விமானப்படை இதை உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்றது. மே 21 அன்று படமெடுக்கச் சென்ற கான்பெரா விமானத்தின் ஓர் இயந்திரத்தை ஏவுகணை தாக்கியது. மற்றோர் இயந்திரம் இருந்ததால் அது ஸ்ரீநகரில் தரையிறங்க முடிந்தது. மே 27 அன்று, இயந்திரம் நின்றுபோன மிக்-27 விமானத்திலிருந்து குதித்த தோழரைத் தேடித் தாழ்வாக வட்டமிட்ட ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அஹுஜாவின் மிக்-21, தோளில் ஏவும் ஏவுகணைக்கு இரையானது. அவர் உயிருடன் திரும்பவில்லை. மறுநாள் ஒரு மி-17 ஹெலிகாப்டர் வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த நால்வரும் இறந்தார்கள். வெப்பத்தைத் தேடி வரும் ஏவுகணையைத் திசைதிருப்ப எரிசுடர்களை வீசும் கருவி அந்த ஹெலிகாப்டரில் இல்லை.

இங்கே மலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஊடுருவியவர்கள் 16,000 அடிக்கும் மேலான சிகரங்களில் இருந்தபடி ஏவியதால், ஏவுகணையின் வீச்சுடன் சிகரத்தின் உயரமும் சேர்ந்துகொண்டது. சமவெளியில் பாதுகாப்பான உயரம் அங்கே பாதுகாப்பானதாக இல்லை. அந்த இழப்புகளுக்குப் பிறகு தாக்கும் ஹெலிகாப்டர்கள் விலக்கப்பட்டன. விமானங்கள் ஏவுகணைக்கு எட்டாத உயரத்துக்கு ஏறின. அந்த உயரத்திலிருந்து சாதாரணக் குண்டை ஒரு சிறு பதுங்கு குழியின் மேல் போடுவது மிகக் கடினம் என்பதால், மிராஜ்-2000 விமானங்கள் ஜூன் 24 அன்று டைகர் ஹில்லில் லேசர் வழிகாட்டும் குண்டுகளைப் பயன்படுத்தின.

கேள்வி: குண்டடி பட்டாலும் தாங்கும்படி விமானத்தைக் கட்டமுடியாதா?
(வாசகர், மதுரை)

பதில்: ஓரளவு முடியும். அமெரிக்காவின் ஏ-10 அதற்காகவே கட்டப்பட்டது. அதன் விமானி, சுமார் 540 கிலோ எடையுள்ள டைட்டானியக் கவசத்துக்குள் அமர்கிறார். 2003 ஏப்ரல் 7 அன்று பாக்தாத் மேலே கிம் கேம்ப்பெல் ஓட்டிய ஏ-10 தாக்கப்பட்டு, வால் பகுதியெங்கும் நூற்றுக்கணக்கான துளைகள் விழுந்தன; திரவ அழுத்தத்தால் கட்டுப்பாடுகளை இயக்கும் ஹைட்ராலிக் அமைப்பு முழுவதும் செயலிழந்தது. கம்பிகளாலும் தண்டுகளாலும் நேரடியாக இயங்கும் மாற்றுக் கட்டுப்பாடு அந்த விமானத்தில் இருந்ததால், சுமார் ஒரு மணி நேரம் கையின் வலிமையாலேயே அதைச் செலுத்தி அவர் குவைத்தில் தரையிறக்கினார்.

இதற்கு நேர்மாறான உதாரணம் வியட்நாமில் பறந்த அமெரிக்காவின் எஃப்-105. மிக வேகமானது, ஆனால் அதன் ஹைட்ராலிக் குழாய்கள் ஒன்றுக்கொன்று அருகிலேயே ஓடியதால், ஒரே அடியில் முதன்மை அமைப்பும் மாற்று அமைப்பும் சேர்ந்து போய்விடும் ஆபத்து இருந்தது. கட்டப்பட்ட 833 விமானங்களில் 300க்கும் மேற்பட்டவை எதிரித் தாக்குதலில் அழிந்தன. அவற்றில் மிகப் பலவற்றை வீழ்த்தியது பீரங்கிதான் என்பது, ஏவுகணையைப் பற்றியே பேசும் நாம் மறக்கக்கூடாத செய்தி. இன்றைய விமானங்களில் கட்டுப்பாடுகள் கணினி வழியாக இயங்குவதால் கேம்ப்பெல் செய்ததுபோல் கையால் ஓட்ட வழியில்லை. அடி வாங்கித் தாங்குவதைவிட அடியே படாமல் தப்புவதில்தான் இவற்றை வடிவமைப்பவர்கள் நம்பிக்கை வைக்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால் எப்போதும் உயரத்திலேயே பறந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?
(வாசகர், கோவை)

பதில்: தீராது. 1973 அக்டோபர் போரில், எகிப்தும் சிரியாவும் நிறுத்தியிருந்த, உயரத்தில் பறக்கும் விமானத்தையும் ராடார் உதவியால் தாக்கும் சாம்-6 ஏவுகணைகளிலிருந்து தப்பத் தாழ்வாக இறங்கிய இஸ்ரேல் விமானங்கள், நான்கு குழல்கள் கொண்ட ஷில்கா பீரங்கிகளின் நடுவே மாட்டிக்கொண்டன. அந்தப் போரில் இஸ்ரேல் இழந்த விமானங்கள் சுமார் நூறு. ராடாருக்கு எளிதில் புலப்படாத அமெரிக்காவின் எஃப்-117 விமானமும், கொசோவோ போரின்போது 1999 மார்ச் 27 அன்று செர்பியாவில் எஸ்-125 என்ற பழைய ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. அதை ஏவிய செர்பியப் படைப்பிரிவு ராடாரைச் சில நொடிகள் மட்டுமே இயக்கி, அடிக்கடி இடம் மாறியது. எஃப்-117 விமானங்களோ முந்தைய இரவுகளில் வந்த தடங்களிலேயே திரும்பத் திரும்ப வந்தன.

உயரத்தின் விலையைச் சில நேரங்களில் தரையில் இருப்பவர்களும் கொடுக்கிறார்கள். இதைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிப்பது நியாயமாகாது. அதே கொசோவோ போரில் இழப்பைத் தவிர்க்க நேட்டோ விமானிகள் பெரும்பாலும் 15,000 அடிக்குக் கீழே இறங்க அனுமதிக்கப்படவில்லை. 1999 ஏப்ரல் 14 அன்று கொசோவோவின் ஜாகோவா நகருக்கு அருகே, டிராக்டர்களில் சென்ற அகதிகளை ராணுவ வாகன அணி என்று எண்ணிக் குண்டு வீசியதில் 70 பேர் வரை இறந்தார்கள். உக்ரைனில் 2022 மார்ச்சில் தாழ்வாக வந்த ரஷ்ய விமானங்கள் பல வீழ்த்தப்பட்டன. அடுத்த ஆண்டிலிருந்து ரஷ்யா, பழைய குண்டுகளுக்கு இறக்கையும் செயற்கைக்கோள் வழிகாட்டியும் பொருத்தி, எதிரியின் வான்காப்பு எளிதில் எட்டாத தொலைவிலிருந்தே அவற்றை விடுவிக்கிறது; அவை கார்கிவ் நகரத்தின் குடியிருப்புகளிலும் கடைகளிலும் விழுந்திருக்கின்றன.