சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்கிவிட்டது, குயில்ட்டைக் காப்பாற்ற முடியுமா?

கேள்வி: வீட்டிலேயே ரியாக்டிவ் சாயம் போட்டுத் துணி தயாரித்து, அதில் கலைக் குயில்ட் (துணித் துண்டுகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் விரிப்பு) தைக்கிறேன். மேலே கீழே எல்லாம் பருத்தி, நடுவில் வைத்த பஞ்சு அடுக்கான பேட்டிங்கும் பருத்திதான். சாயம் போட்டபோது ஒரு மாதம் முன்பே கரைத்து வைத்திருந்த சாயத் தண்ணீரை உபயோகித்தேன், நிறம் அடர்த்தியாக வரட்டும் என்று கூடுதலாக ஊற்றினேன், கடைசியில் குளிர்ந்த தண்ணீரில் தெளியும்வரை அலசினேன். சிவப்பும் வெள்ளையுமாக மூன்று மாதம் தைத்த ஒன்றை, மடிப்பில்லாமல் விரித்துக் காயவைப்பதற்காக நனைத்தேன். சிவப்புத் துண்டுகளின் ஓரத்திலிருந்து ரோஜா நிறம் வெள்ளைக்குள் இறங்கிவிட்டது. சாயம் விற்றவரிடம் கேட்டால் உப்பும் வினிகரும் கலந்த தண்ணீரில் ஊறவைக்கச் சொல்கிறார், 'ஃபிக்ஸர்' என்று ஒரு பாட்டிலும் கொடுத்தார். குயில்ட் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது? இதே சாயத்தில் போட்ட துணி அலமாரி நிறைய இருக்கிறது. எல்லாவற்றையும் தூக்கிப்போட வேண்டுமா?

பதில்: முதல் காரியம், அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள். குயில்ட்டைக் காயவும் விடாதீர்கள், இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். ஈரமாக இருக்கும்வரை காப்பாற்றுவது சுலபம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

ஃபிக்ஸர் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அது செய்கிற வேலையே, நூலில் சரியாகப் பிடிக்காமல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் சாயத்தை இருக்கிற இடத்திலேயே பூட்டிப் போடுவதுதான். இப்போது அந்தச் சாயம் எங்கே இருக்கிறது? பாதி சிவப்புத் துண்டில், பாதி வெள்ளையில். இந்த நேரத்தில் ஃபிக்ஸர் ஊற்றினால் வெள்ளையில் இருக்கும் கறையும் சேர்ந்து நிலைத்துவிடும். உப்பும் வினிகரும்கூட உதவாது, அதற்கு அப்புறம் வருகிறேன். சாயத்தை உள்ளே பூட்டுவது உங்கள் வேலை இல்லை, வெளியே எடுப்பதுதான் வேலை.

அதற்குத் தேவை சூடான தண்ணீர், நிறையத் தண்ணீர், பொறுமை. குயில்ட் தாராளமாக மிதக்கிற அளவுக்குப் பெரிய தொட்டி எடுங்கள். 60 டிகிரி சூட்டில் தண்ணீர் நிரப்புங்கள், வெறும் கையை விட முடியாத சூடு அது, அதனால் நீளக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெண்மையூட்டியும் பிளீச்சும் இல்லாத திரவ சோப்பு கொஞ்சம் ஊற்றிக் கலக்கிவிட்டுக் குயில்ட்டை முழுவதுமாக அமுக்குங்கள். முழுவதுமாக என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஒரு மூலை தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால்கூடச் சாயத் தண்ணீர் திரி வழியே எண்ணெய் ஏறுவது மாதிரி அந்த மூலைக்கு ஏறி, அங்கே ஒரு கோடு போட்டுவிடும், அந்தக் கோட்டை எடுப்பது ஆரம்பக் கறையை எடுப்பதைவிடக் கஷ்டம். மேலே கனமான வெள்ளைத் தட்டுகளை வைத்து அமுக்கி, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். தண்ணீர் ஆறிப்போனாலும் பரவாயில்லை.

பிறகு ஒரு வெள்ளைக் கோப்பையில் அந்தத் தண்ணீரை மொண்டு பாருங்கள். நிறம் தெரிந்தால் தண்ணீரை இறைத்துவிட்டு, குயில்ட்டைக் கசக்காமல், இரண்டு பேராகத் தாங்கிப் பிடித்து (நனைந்த குயில்ட்டின் கனத்தில் கைத்தையல் அறுந்துவிடும்) உடனே அடுத்த சூடான தொட்டியில் போடுங்கள். இடையில் சுருட்டி வைக்க வேண்டாம். மூன்று முறையும் ஆகலாம், ஐந்து முறையும் ஆகலாம். கோப்பையில் நிறமே தெரியாத அன்றைக்கு வெளியே எடுத்து, வெள்ளை வெள்ளையாகத்தான் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு விரித்துக் காயவையுங்கள். உங்கள் பேட்டிங் பருத்தி என்பதால் இதைத் தைரியமாகச் சொல்கிறேன். கம்பளி பேட்டிங் என்றால் இந்தச் சூட்டில் சுருங்கிப்போகும்.

சரி, சூடும் தண்ணீரும் எப்படி வேலை செய்கின்றன? ரியாக்டிவ் சாயம் வேறு பல சாயங்கள் மாதிரி இழையில் வெறுமனே ஒட்டி நிற்பது இல்லை, பருத்தி இழையோடு ரசாயனமாகவே பிணைந்து அதன் ஒரு பகுதி ஆகிவிடுகிறது. 1956-இல் புரோசியான் என்ற பெயரில் இது முதன்முதலில் விற்பனைக்கு வந்ததிலிருந்து வீட்டில் சாயம் போடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல சாயம் வரவில்லை என்பது என் கருத்து. ஆனால் இதற்கு ஒரு குணம் உண்டு. இழையோடு சேர்வது போலவே தண்ணீரோடும் சேர்ந்துவிடும். தண்ணீரோடு சேர்ந்துவிட்டால் அது செத்த சாயம், இனி இழையோடு பிணையவே பிணையாது. பார்க்க அதே சிவப்பாகத்தான் இருக்கும், துணியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும், ஆனால் பிடிப்பு கிடையாது. உங்கள் வெள்ளையில் இறங்கியிருப்பது இந்தச் செத்த சாயம். அது பலவீனமாக ஒட்டியிருப்பதால் சூடு அதைக் கழற்றிவிடும், தண்ணீர் நிறைய இருப்பதால் கழன்றது நீர்த்துப்போய்த் திரும்ப வெள்ளையில் படியாது. பிணைந்த சிவப்பு அசையாமல் அங்கேயே இருக்கும்.

உங்களிடம் செத்த சாயம் இவ்வளவு எப்படிச் சேர்ந்தது என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஒரு மாதம் முன்பே கரைத்து வைத்திருந்த சாயத் தண்ணீரை உபயோகித்தேன் என்கிறீர்கள், நிறம் அடர்த்தியாக வரட்டும் என்று கூடுதலாக ஊற்றினேன் என்கிறீர்கள், கடைசியில் குளிர்ந்த தண்ணீரில் தெளியும்வரை அலசினேன் என்கிறீர்கள். மூன்றுமே தப்பு. தூள் உலர்ந்து மூடியிருந்தால் நீண்ட நாள் தாங்கும், கரைத்துவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் ஓரிரு வாரம்தான், சாயத்தை இழையோடு பிணைக்கும் காரமான சோடா ஆஷ் கலந்த பிறகோ சில மணி நேரம். ஒரு மாதம் ஆன தண்ணீரில் பாதிக்கு மேல் செத்திருக்கும். நடுத்தர அடர்த்திக்கு 100 கிராம் உலர்ந்த துணிக்கு 2 முதல் 4 கிராம் தூள் போதும். அதற்கு மேல் கொட்டுவதில் பெரும்பகுதி அலசும் தண்ணீரில்தான் போகும். எல்லாவற்றிலும் மோசமான கண்ணி அந்தக் குளிர்ந்த அலசல். குளிர்ந்த தண்ணீர் தெளிந்துவிட்டது என்றால் சாயம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை, குளிர்ந்த தண்ணீரில் கழல்வது மட்டும் கழன்றுவிட்டது என்றுதான் அர்த்தம். முதல் அலசல் குளிர்ந்த நீரில்தான் இருக்க வேண்டும், உப்பும் சோடாவும் போவதற்காக. அவை துணியில் இருக்கும்வரை செத்த சாயம் இழையை விடாது. அதற்குப் பிறகு கொதிக்கக் கொதிக்கச் சூடான நீரில் ஊறவைத்து அலச வேண்டும், இரண்டு மூன்று முறை.

இப்போது அந்த உப்பு வினிகர். சாயம் போடும்போது தொட்டியில் உப்பு சேர்ப்பது உண்டு. அது சாயத்தைத் தண்ணீரிலிருந்து இழைப் பக்கம் தள்ளிவிடும், அவ்வளவுதான், பிணைக்காது. பருத்தியில் பிணைக்கிறது சோடா ஆஷ், அதாவது வாஷிங் சோடாவின் நீரற்ற வடிவம். சமையல் சோடா வேறு, சாதாரண அறைச் சூட்டில் அதற்கு அந்தக் காரம் போதாது. வினிகரோ அமிலம், காரத்துக்கு நேர் எதிரி. கம்பளி, பட்டு, நைலானுக்கான ஆசிட் சாயத்தில் வினிகருக்கு நியாயமான இடம் உண்டு, அங்கே கேட்டதை யாரோ பருத்திக்கும் சொல்லிவிட்டார்கள், விற்கிறவர்களும் அதையே ஒப்பிக்கிறார்கள். பருத்தியில் ஓடுகிற சாயத்தை வினிகர் நிறுத்தி நான் பார்த்ததே இல்லை.

எனக்கு வயிற்றெரிச்சல் தருகிற விஷயம் இதுதான். இடைத்தரகர்கள் மூட்டையாகத் தூள் வாங்கி, சின்னச் சின்ன உறையில் கட்டி, 'அந்திச் சிவப்பு', 'ரோஜா இதழ்' என்று அழகான பெயர் ஒட்டி விற்கிறார்கள். உள்ளே இருப்பது எந்த வகைச் சாயம் என்று ஒரு வார்த்தை இருக்காது. சாயங்களுக்கெல்லாம் பொதுப் பெயரும் எண்ணும் கொடுக்கிற கலர் இண்டெக்ஸ் 1925-இல் முதல் பதிப்பு வந்தது. ரியாக்டிவ் ரெட் 2 என்று உறையில் அச்சடித்திருந்தால் எந்த ஊரில் வாங்கினாலும் அது எம்எக்ஸ்-5பி என்று தெரிந்துவிடும், எம்எக்ஸ் வகை என்பதால் சாதாரண அறைச் சூட்டிலேயே பிடிக்கும் என்றும் தெரிந்துவிடும். மூன்று சொல் அச்சடிக்க என்ன கஷ்டம்? துணிக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. 'நூறு சதவீதம் பருத்தி' என்று போடுவார்கள், அதன் மேல் என்ன கஞ்சி, என்ன கறை தடுப்புப் பூச்சு என்று போட மாட்டார்கள், அதெல்லாம் சாயத்தை உள்ளே விடாது. இரண்டு பக்கமும் மறைத்துவிட்டு, சாயம் ஓடினால் பழி தைத்தவர் தலையில். நானும் ஒருமுறை இப்படிப் பெயரில்லாத உறையில் வாங்கினேன். எம்எக்ஸ் வகை என்று சத்தியம் செய்து கொடுத்தார்கள். அது 80 டிகிரியில் பிடிக்க வேண்டிய எச் வகை என்று தெரிவதற்குள் பத்து மீட்டர் துணி வீணாகிவிட்டது. விற்றவரிடம் கேட்டதற்கு, உங்களைப் போலவே, ஒரு ஃபிக்ஸர் பாட்டில் கிடைத்தது. வகை தெரியாத தூளை விற்றுவிட்டு அது ஓடும்போது பாட்டிலை விற்பது நல்ல வியாபாரம், தயவுசெய்து அதில் மாட்டாதீர்கள். கலர் இண்டெக்ஸ் பெயர் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள். 'எல்லாத் துணிக்கும்' என்று எழுதிய உறையையும் தொடாதீர்கள், அதில் ஆசிட் சாயமும் டைரக்ட் சாயமும் கலந்திருக்கும், பருத்தியில் பிடிக்கும் அந்த டைரக்ட் சாயம் ஒவ்வொரு சூடான அலசலிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடிக்கொண்டே இருக்கும்.

அலமாரித் துணியைத் தூக்கிப்போட வேண்டாம். ஒவ்வொரு நிறத்திலும் உள்ளங்கை அளவு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் போட்டு, கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் வையுங்கள். தண்ணீர் நிறம் மாறினால் அந்தத் துணிக்கு இன்னும் சூடான அலசல் தேவை. தெளிவாக இருந்தாலும் என் திருப்திக்கு இன்னொன்று செய்வேன்: அந்த ஈரத் துண்டை இரண்டு வெள்ளைப் பருத்தித் துண்டுகளுக்கு நடுவில் வைத்து, நன்றாகச் சூடான இஸ்திரிப் பெட்டியை மேலே வைத்து, ஆவி அடங்கும்வரை அழுத்துவேன். விரித்துப் பார்த்தால் வெள்ளையில் சில சமயம் துண்டின் விளிம்பு மட்டும் மெல்லிய ரோஜாக் கோடாகப் பதிந்திருக்கும், டம்ளரில் கண்ணுக்குத் தெரியாதது அங்கே தெரிந்துவிடும். கோடு வந்தால் திரும்பவும் அலசல். வராத துணியைத்தான் வெள்ளைக்குப் பக்கத்தில் தைக்க வேண்டும். எவ்வளவு அலசினாலும் தண்ணீர் நிறம் மாறிக்கொண்டே இருந்தால் அது ரியாக்டிவ் சாயமே இல்லை, அதை அலசாத வேலைகளுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

ஒரு நிறத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், டர்க்காய்ஸ் நீலம். மற்ற எம்எக்ஸ் சாயங்களுக்குச் சொன்னது எதுவும் இதற்கு அப்படியே பொருந்தாது. அதன் மூலக்கூறு பெரியது, இழைக்குள் நுழையவே நேரம் எடுக்கும், பிணைய இன்னும் நேரம் எடுக்கும். சிவப்பும் மஞ்சளும் சாதாரண அறைச் சூட்டில் சில மணி நேரத்தில் முடிந்துவிடும், டர்க்காய்ஸுக்கு 35 முதல் 40 டிகிரி வெதுவெதுப்பில் முழுதாக ஒரு நாள் கொடுக்க வேண்டும், பிளாஸ்டிக்கில் சுற்றி, ஈரம் காயாமல், சூடு போகாமல். அப்படிச் செய்தாலும் கணிசமான பங்கு பிணையாமல் நிற்கும், அதனால் தூளும் ஏறக்குறைய இரண்டு மடங்கு போட வேண்டும், அலசலும் இரண்டு மடங்கு. அதைவிட முக்கியம், நீங்கள் டர்க்காய்ஸ் வாங்காவிட்டாலும் அது உங்களிடம் இருக்கலாம். கலந்து விற்கும் பளிச்சென்ற பச்சை, கடல் நிறம் போன்றவற்றில் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது. அப்படிப்பட்ட பச்சையை அவசரமாக முடித்தால் மஞ்சள் முதலில் பிடித்துக்கொள்ளும், நீலம் தங்காமல் அலசலில் போய், நினைத்த பச்சைக்குப் பதில் மஞ்சளான ஒரு பச்சை கையில் நிற்கும். அதனால் அலமாரியைச் சோதிக்கும்போது நீலத்தையும் பச்சையையும் முதலில் எடுங்கள், ஒரு டம்ளர் தெளிந்ததும் நம்பிவிடாமல் புதுத் தண்ணீர் ஊற்றி இரண்டாவது முறை பாருங்கள். இனிமேல் போடும்போதும் அவற்றுக்குத் தனித் தொட்டி வையுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தூளை அளக்கும்போது முகமூடி கட்டாயம், நுண்தூசியைத் தடுக்கும் வகையாக இருக்க வேண்டும், மூக்கைச் சுற்றித் துணி கட்டினால் போதாது. ரியாக்டிவ் சாயத் தூசி மூச்சுக்குழாயில் ஒவ்வாமையை உண்டாக்கும், சிலருக்கு ஆஸ்துமாவாகவே மாறும், ஒருமுறை வந்துவிட்டால் அப்புறம் இந்தத் தூள் பக்கமே போக முடியாமல் ஆகிவிடும். ஈரமான காகிதத்தை விரித்து அதன் மேல் அளந்தால் சிந்தும் தூள் பறக்காது. சாயத்துக்கு எடுத்த பாத்திரம், கரண்டி எதுவும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

அந்த ஃபிக்ஸர் பாட்டிலைக் கொட்ட வேண்டாம். கடையில் வாங்கிய துணி எத்தனை முறை சூடாக அலசினாலும் சாயம் விட்டுக்கொண்டே இருக்கிறது என்றால், வெட்டுவதற்கு முன்னால், அந்தத் துணியை மட்டும் தனியாக அதில் ஊறவைக்கலாம். சில நிறங்கள் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்க அது காரணமாகிவிடுகிறது, அதனால் சன்னலுக்கு எதிரே மாட்டப் போகிற குயில்ட்டில் அந்தத் துணியைச் சேர்க்காதீர்கள்.