முதல் வீட்டுக்குக் கூலி வேண்டாம் என்று ஒப்புக்கொள்ளலாமா?

கேள்வி: நான் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன். இருபது வீடுகள் கொண்ட ஒரு கட்டடத்தின் வயரிங் வேலையை வாங்கித் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். ஆனால் முதல் வீட்டை மாதிரியாகக் கூலி இல்லாமல் செய்து காட்ட வேண்டுமாம். பொருளை அவரே தருவாராம். மறுத்தால் வேலை கைநழுவிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வேலை தெரிந்தவர்கள் எப்போதாவது இலவசமாகச் செய்யத்தான் வேண்டுமா?

பதில்: இந்த நிபந்தனையை ஏற்காதீர்கள். நீங்கள் இதைத் தன்மானப் பிரச்சினையாகப் பார்ப்பது தெரிகிறது. நான் இதைக் கணக்காகவே பார்க்கிறேன். இருபது வீடுகளில் ஒன்றைக் கூலி இல்லாமல் செய்வது, மொத்த வேலைக்கும் 5 விழுக்காடு தள்ளுபடி தருவதற்குச் சமம். பெரிய வேலைக்கு அந்த அளவு குறைத்துக்கொள்வதில் தவறில்லை. உங்களுக்குக் கட்டுப்படியானால் தாராளமாகக் குறைக்கலாம். ஆனால் தரகர் கேட்பது அந்தத் தள்ளுபடியை வேலை கைக்கு வருவதற்கு முன்பே, திரும்பப் பெற முடியாத உழைப்பாகக் கொடுத்துவிட வேண்டும் என்பதை. நாளை இருபது வீடுகள் நான்காகச் சுருங்கினால் நீங்கள் கொடுத்த தள்ளுபடி 25 விழுக்காடு ஆகிவிடும். முதல் வீட்டோடு அவர் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டால் அதற்கு விழுக்காடு போட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

கூலி இல்லாத நாளுக்கும் செலவு உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஆறு நாள் உழைப்பவர் ஒரு நாளை இலவசமாகக் கொடுத்தால், அதே வருமானத்தை எட்டுவதற்கு மீதி ஐந்து நாளும் 20 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதிக்க வேண்டும். உங்கள் உதவியாளருக்கு அன்றைய சம்பளத்தைக் கொடுக்க வேண்டியவரும் நீங்கள்தான், தரகர் அல்ல.

இனி தரகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்டது ஒரு வரிதான் என்றாலும், உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. உங்களுக்கு முதல் வீடு என்று காட்டிய அதே நேரத்தில், அதே கட்டடத்தின் வேறொரு வீட்டை இன்னொரு எலக்ட்ரீஷியனுக்கும், அடுத்த தளத்தை மூன்றாமவருக்கும் மாதிரி என்று சொல்லியே அவர் கொடுத்திருக்கக்கூடும். ஒவ்வொருவரும் வேலை தனக்கே வரப்போகிறது என்று நம்பி உயிரைக் கொடுத்து உழைப்பார்கள், கட்டடத்தின் உரிமையாளரிடமோ தரகர் எல்லா வீடுகளுக்கும் முழுக் கூலி வாங்கிக்கொள்வார். ஆகவே அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த வேலை அவர் பெயரில் எழுத்தில் இருக்கிறதா என்பது. அந்தப் பணி ஆணையைக் காட்டத் தயங்குகிறவரும், உரிமையாளரை நீங்கள் பார்க்க வேண்டாம், எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்கிறவரும் உங்களுக்குத் தருவதற்கு எதையும் கையில் வைத்திருக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பொருளை அவரே தருவார் என்பது உங்களுக்குச் சலுகையாகத் தெரிகிறது. எனக்கு அது இரண்டாவது வலையாகத் தெரிகிறது. தேவையான தடிமனைவிட மெல்லிய கம்பியை அவர் வாங்கிப் போட்டுவிட்டு, வேலை முடிந்ததும் சோதனை அறிக்கையில் உங்கள் கையெழுத்தையும் உரிம எண்ணையும் கேட்பார். சில தரகர்களுக்கு வேண்டியது உங்கள் கைத்திறனே அல்ல, அந்தக் கையெழுத்துத்தான். உரிமம் இல்லாத நான்கு பேரை வைத்து மீதி வீடுகளை முடித்துவிட்டு, எல்லாவற்றையும் உங்கள் எண்ணின் கீழ் கணக்குக் காட்டுவார்கள். உரிமம் வழங்கும் அலுவலகங்கள் கட்டணத்தையும் புதுப்பிக்கும் தேதியையும் கறாராகப் பார்க்கின்றனவே தவிர, கையெழுத்திட்டவர்தான் வேலை செய்தாரா, அவருக்குக் கூலி கிடைத்ததா என்று விசாரிப்பதைப் பெரும்பாலும் தங்கள் வேலையாகக் கருதுவதில்லை. கூலி கிடைக்காமல் வழக்குக்குப் போனாலும் எழுத்து எங்கே என்றுதான் கேட்பார்கள், எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டவரை வேலைக்கே சேர்க்காத ஒரு தொழிலில்.

இலவசமாகச் செய்தால் பொறுப்பாவது குறையும் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 1843இல் தீர்ப்பான ஒரு பழைய வழக்கில், குதிரைகளைக் கையாளத் தெரிந்த ஒருவர், இன்னொருவருக்கு உதவியாக, கூலி வாங்காமல், விற்பனைக்கு இருந்த குதிரையை ஓட்டிக் காட்டினார். வழுக்கும் தரையில் ஓட்டியதால் குதிரை விழுந்து காயமடைந்தது. சும்மா செய்தாலும் தன்னிடமுள்ள திறமையைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்று நீதிமன்றம் அவர்மீது பொறுப்பைச் சுமத்தியது. உங்கள் தொழிலுக்கு இது அப்படியே பொருந்தும். கூலி இல்லை என்பதற்காக மின்காப்பின் தடையை அளக்கும் மெக்கர் கருவியை வைத்து 500 வோல்ட்டில் மின்காப்பைச் சோதிக்காமல் விட முடியாது, அந்தத் தடையை ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டும் சுற்றுக்கு மின்சாரம் கொடுக்கவும் முடியாது. யாருக்காவது ஷாக் அடித்தால், அந்த வேலைக்கு நீங்கள் பணம் வாங்கினீர்களா என்பதை யாரும் கேட்கப் போவதில்லை.

எந்த நிலையிலும் இலவசமாகச் செய்யக் கூடாதா என்றால், ஒரே ஒரு இடத்தில் நானும் விலகிக்கொள்கிறேன்: உயிருக்கு ஆபத்து இருக்கும்போது. அதையும் எல்லை போட்டுத்தான் சொல்வேன். பக்கத்து வீட்டில் சுவரில் மின்கசிவு, தொட்டால் அதிர்கிறது என்று ஓடிவந்து அழைத்தால் போய்த்தான் ஆக வேண்டும்; அங்கே கூலி பேசிக்கொண்டிருப்பது மனிதத்தன்மை அல்ல. மெயினை அணையுங்கள், பழுதான சுற்றைத் தனியே பிரியுங்கள், யாரும் தெரியாமல் மீண்டும் போட்டுவிடாதபடி எழுதி ஒட்டுங்கள். இலவசம் அத்துடன் முடிகிறது. பழுதைக் கண்டுபிடிப்பதும், கம்பியை மாற்றுவதும், எர்த்தைச் சரிசெய்வதும், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவியைப் பொருத்துவதும் தனி வேலை, அதற்குத் தனி விலை. வெள்ளம் வடிந்த வீடுகளிலும் இதே எல்லைதான்: நீரில் மூழ்கிய சுவிட்ச் பெட்டி உலர்ந்துவிட்டதுபோல் தெரியும், மக்கள் இரக்கத்தைத் தூண்டும்படி கேட்பார்கள், நீங்களும் உதவும் எண்ணத்தில் இணைப்பைக் கொடுத்துவிடுவீர்கள், அந்த உதவிதான் பிறகு தீப்பிடிக்கும். மூழ்கிய கருவிகளை மாற்றாமல் மின்சாரம் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வருவதுதான் அங்கே நீங்கள் செய்யக்கூடிய உண்மையான இலவச சேவை. உறவினர், நண்பர், கோயில் காரியம் என்பவை உங்கள் சொந்த விருப்பம்; அதில் எனக்குக் கருத்து இல்லை.

தரகருக்கு என்ன பதில் சொல்வது? மாதிரி வீட்டைச் செய்து தருகிறேன், ஆனால் அதன் கூலியை அது முடிந்த அன்றே தர வேண்டும். இருபது வீடுகளும் எனக்கே கிடைத்து முடிந்தால், கடைசித் தவணையில் அந்தத் தொகையை முழுவதும் கழித்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுங்கள். அவருக்குக் கிடைப்பது அதே 5 விழுக்காடு, ஒரு பைசாவும் குறையவில்லை. உண்மையில் வேலை கையில் இருப்பவர் இதற்கு மறுப்புச் சொல்லக் காரணமே கிடையாது. பொருளைப் பற்றியும் ஒரு வரி சேருங்கள்: கம்பியின் அளவையும் தரத்தையும் நான் சரிபார்த்த பிறகே இழுப்பேன், நான் செய்யாத வீட்டுக்குக் கையெழுத்திட மாட்டேன்.

ஏற்கெனவே பாதி வேலை முடித்துவிட்டீர்கள் என்றால், இன்றோடு நிறுத்துங்கள். செய்து முடித்த பாயின்ட்டுகளைப் படம் எடுத்து, எண்ணிக்கையையும் உங்கள் வழக்கமான கூலி விகிதத்தையும் எழுதித் தரகருக்கும், முகவரி தெரிந்தால் உரிமையாளருக்கும் அனுப்புங்கள். இலவசம் என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாகப் பொருள்படும் எந்தச் செய்தியையும் அனுப்பாதீர்கள். இலவசமாகத் தரும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை மற்றவர் அனுபவித்தால் நியாயமான கூலியைக் கோரலாம் என்பது பல நாட்டுச் சட்டங்களிலும் உண்டு, நீங்களே விட்டுக்கொடுத்ததற்கு எழுத்து இருந்தால் அந்த வழி அடைபடும். கோபத்தில் இழுத்த கம்பியை உருவிக்கொண்டு வந்துவிடவும் வேண்டாம். கம்பி அவருடையது, புகார் உங்கள் பேரில் வரும். திறந்திருக்கும் முனைகளைப் பாதுகாப்பாக மூடி, பெட்டியை அடைத்துவிட்டு உங்கள் கருவிகளை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.