படித்தவர் சொல்லும் வாங்குபவர் பணமும்

இந்த முறை தேர்ந்தெடுத்த கடிதங்கள் எல்லாம் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. "இப்போது என்ன படிக்கிறீர்கள்?" என்று யாரோ யாரையோ கேட்டிருக்கிறார்கள், கிடைத்த பதிலை நம்பிப் புத்தகம் வாங்கியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த விசாரிப்பு இது. நலம் கேட்பதைவிட நெருக்கமானது. இது இன்னும் நிறையக் கேட்கப்பட வேண்டும் என்ற ஆசையோடுதான் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

கேள்வி: அலுவலகத்தில் ஏழெட்டுப் பேர் மதிய இடைவேளையில் அவரவர் படிக்கும் புத்தகத்தைப் பற்றிப் பேசுவோம். அவர்கள் ரசித்துச் சொன்னதைக் கேட்டு இந்த ஆண்டு ஆறு புத்தகங்கள் வாங்கினேன். இரண்டைத்தான் முடிக்க முடிந்தது. மற்ற நான்கும் முப்பது, நாற்பது பக்கங்களோடு நிற்கின்றன. என் ரசனையில் குறையா, அவர்கள் சொன்னதில் மிகையா?

உங்கள் ரசனையில் குறை இல்லை, அவர்களும் மிகைப்படுத்தவில்லை. ஆறில் இரண்டு முடிந்தது என்றால் நீங்கள் நல்ல மனிதர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள் என்று பொருள். மாற்ற வேண்டியது ஒன்றுதான்: கேட்டவுடன் வாங்காமல், இன்னும் இரண்டு கேள்விகள் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

முதல் கேள்வி, "எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறீர்கள்?" பாதியில் இருப்பவரின் பேச்சில் சூடு இருக்கும். அந்தச் சூடு உண்மையானது, ஆனால் எந்த வகைப் புத்தகத்துக்கு அது சான்றாகும் என்று பார்க்க வேண்டும். கட்டுரைத் தொகுப்பு, பயண நூல், சிறுகதைகள் என்றால் பாதி படித்தவரின் சொல்லே போதும். முதல் பாதியில் தெரிந்த குணம் பெரும்பாலும் அடுத்த பாதியிலும் தொடரும். துப்பறியும் கதையில் அப்படி முடியாது. அதன் மதிப்பு முழுவதும் கடைசிப் பக்கங்களில் முடிச்சு அவிழும் விதத்தில் இருக்கிறது. அறுநூறு பக்க மர்ம நாவலில் அறுபதாம் பக்கத்தில் இருப்பவர் என்னதான் புகழ்ந்தாலும், அவர் முடிக்கும்வரை காத்திருங்கள். நீண்ட குடும்ப நாவல்கள் இதற்கு நேர் எதிர். நூறு பக்கம் வரை யார் யாருக்கு என்ன உறவு என்பதே பிடிபடாது. அதைத் தாண்டியவருக்குத்தான் அதன் சுவை தெரியும். "எங்கிருந்து பிடித்துக்கொண்டது?" என்று அவரிடம் கேட்டு வைத்துக்கொண்டால், முப்பதாம் பக்கத்தில் நீங்கள் கைவிட மாட்டீர்கள்.

இரண்டாவது கேள்வியைப் பலரும் கேட்பதில்லை: "சமீபத்தில் எதைப் பாதியில் விட்டீர்கள்?" ஒருவருக்குப் பிடித்தவற்றின் பட்டியலைவிட, பிடிக்காதது அவருடைய ரசனையைத் துல்லியமாகக் காட்டும். நீங்கள் உயிராய் நினைக்கும் ஒரு நூலை அவர் சலிப்போடு மூடி வைத்திருக்கலாம். அவர் சொல்லைக் கேட்டு வாங்குவதற்கு முன் ஒரு முறை யோசிப்பீர்கள். நட்புக்கு அதனால் எந்தப் பழுதும் வராது.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டு இங்கே நினைவுக்கு வருகின்றன: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். உங்களிடம் நிற்கும் நான்கு புத்தகங்களுக்கும் வாசகர்கள் இருக்கிறார்கள். உங்கள் மதிய மேசையிலேயே இருக்கக்கூடும். வாரம் ஒரு நாள் அவரவர் முடிக்காத புத்தகங்களைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு ஆறு வாங்க வேண்டிய இடத்தில் மூன்று வாங்கினால் போதும்.

எவ்வளவு படித்த பிறகு நிறுத்தலாம் என்பதற்கு அமெரிக்க நூலகர் நான்சி பெர்ல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. ஐம்பது பக்கம் பாருங்கள், பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து தம் வயதைக் கழித்து, மீதி எத்தனையோ அத்தனை பக்கம் படித்தால் போதும். நான் இதைக் கூடியவரை கடைப்பிடிக்கிறேன், நீண்ட நாவல்களைத் தவிர. அவற்றுக்கு நூறு பக்கம் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

வாங்குவதற்கு முன் நூலகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இணையக் கடைகள் மின்னூல்களின் தொடக்கப் பக்கங்களை இலவசமாகக் காட்டுகின்றன. அவற்றில் முன்னுரையையும் பிறர் வழங்கிய பாராட்டுரைகளையும் தாண்டி, நூலாசிரியரின் நடை தொடங்கும் இடத்துக்குப் போங்கள். கடையில் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து நின்றபடியே படியுங்கள். முதல் பக்கத்தை எல்லா எழுத்தாளர்களும் பத்து முறை செதுக்கியிருப்பார்கள். நடுப்பக்கம்தான் அன்றாட நடையைக் காட்டும்.

கேள்வி: தோழி ஒருத்தி வாழ்க்கை வரலாறு ஒன்றைப் படித்துவிட்டு இரண்டு நாள் அதைப் பற்றியே பேசினாள். பெயரைத் தேடி இணையத்தில் வாங்கினேன். எழுபது பக்கத்தில் ஒரு மெல்லிய புத்தகம் வந்தது. அவளுடையது நானூறு பக்கத்துக்கு மேல். அட்டை ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கிறது. நான் ஏமாற்றப்பட்டேனா?

ஆமாம், ஏமாற்றுக்கு மிக அருகில் வரும் வியாபாரம் இது. உங்களிடம் வந்தது அந்த நூலின் சுருக்கமாகவோ, அந்த நூலைப் பற்றி வேறொருவர் தொகுத்த குறிப்பாகவோ இருக்கும். பெயரும் அட்டையும் மூலத்தை ஒட்டியே இருப்பதால் தேடலில் அதுவும் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. செயற்கை நுண்ணறிவு வந்தபின் இத்தகைய நூல்களைத் தயாரிப்பது மிகவும் எளிதாகிவிட்டது. 2023-இல் ஓர் அமெரிக்க எழுத்தாளர், தாம் எழுதவே எழுதாத நூல்கள் தம் பெயரில் விற்பனையாவதைக் கண்டு பகிரங்கமாகப் புகார் சொன்னார். அதே ஆண்டு செப்டம்பரில் அமேசான், சொந்தமாக நூல் வெளியிடுபவர்கள் ஒரு நாளைக்கு மூன்று நூல்களுக்கு மேல் பதிவேற்ற முடியாது என்று வரம்பு வைத்தது. ஒரு நாளைக்கு மூன்று! புத்தகம் எழுதுவதன் பாடு தெரிந்தவர்களுக்கு அந்த எண்ணே நிலைமையைச் சொல்லிவிடும்.

இனி நீங்கள் தோழியிடம் பெயரை மட்டும் கேட்காதீர்கள். புத்தகத்தின் பின்னட்டையை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பட்டைக்கோட்டின் மேல் ஐ.எஸ்.பி.என். என்ற எண் இருக்கும். 2007-ஆம் ஆண்டு முதல் அது 13 இலக்கம், 978 அல்லது 979 என்று தொடங்கும். அதற்கு முந்தைய நூல்களில் 10 இலக்கம். ஒரே நூலின் கெட்டி அட்டைப் பதிப்புக்கு ஓர் எண், சாதா அட்டைக்கு வேறு எண், சுருக்கத்துக்கு வேறு எண், ஒவ்வொரு மொழிபெயர்ப்புக்கும் தனித்தனி எண். இந்த எண்ணை இட்டுத் தேடினால் அவள் கையில் இருக்கும் அதே பதிப்பு வந்து நிற்கும்.

மொழிபெயர்ப்பு நூல்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒரு நாவலை ஒருவர் உருகி உருகிப் புகழ்வார். அதே நாவலை இன்னொருவர் தாங்க முடியவில்லை என்பார். கடைசியில் பார்த்தால் இரண்டு வேறு மொழிபெயர்ப்பாளர்கள். புத்தகத்தைப் பரிந்துரைப்பவர்கள் மொழிபெயர்ப்பாளர் பெயரையும் சேர்த்துச் சொல்லும் பழக்கத்தைக் கொண்டுவர வேண்டும். நாம் படித்த ஒவ்வொரு சொல்லும் அவர் தேர்ந்தெடுத்தது.

உங்கள் பணத்தைப் பற்றி: கடையின் விற்பனைப் பக்கத்தை உடனே படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் சுருக்கம் என்று குறிப்பிடாமல் விற்றிருந்தால், "விவரிப்புக்கு மாறான பொருள்" என்ற காரணத்தைச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். "பிடிக்கவில்லை" என்று எழுதிவிடாதீர்கள்; அந்த ஒரு சொல்லால் உங்கள் உரிமை கடையின் சலுகையாகச் சுருங்கிவிடும். சிறிய எழுத்தில் சுருக்கம் என்று போட்டிருந்தாலும் முயன்று பாருங்கள். திருப்பி அனுப்புவதற்கு நாள் கணக்கு உண்டு என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: தம்பி ஒரு மின்னூலைப் படித்து முடித்துவிட்டு, "அண்ணா, நீங்களும் படியுங்கள்" என்றான். அவன் வாங்கியதை எனக்குக் கொடுக்க வழியில்லை என்கிறது கடை. காசு கொடுத்து வாங்கியது அவனுடையது ஆகாதா?

பெரும்பாலான கடைகளில் ஆகாது. அச்சு நூலை வாங்கினால் அந்தப் படி உங்களுடைய பொருள். கொடுக்கலாம், விற்கலாம், தாத்தாவிடமிருந்து பேத்திக்குப் போகலாம். மின்னூலில் நாம் வாங்குவது படிப்பதற்கான உரிமம் மட்டும். அந்த உரிமத்துக்குள் இரவல் அடங்குமா என்பதைக் கடையின் நிபந்தனைகள் முடிவு செய்கின்றன.

இது வெறும் சட்ட நுணுக்கமாகத் தோன்றினால், இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன். 2009-இல் விற்பனை உரிமை இல்லாத ஒருவர் சில மின்னூல்களைக் கடையில் ஏற்றிவிட்டார் என்பதற்காக, வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அமேசான் அவற்றை அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் படித்துக்கொண்டிருந்த பக்கம் ஒரே இரவில் காணாமல் போனது போனதுதான். 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, அங்கே வாங்கப்பட்ட எல்லா நூல்களும் படிக்க முடியாதவையாயின. அங்கும் பணம் திரும்பி வந்தது.

ஆகவே என் யோசனை இது. ஒரு முறை படித்துவிட்டு மறந்துவிடக்கூடிய நூல் என்றால் மின்னூல் நல்லது, இடமும் அடைக்காது. திரும்பத் திரும்பப் படிக்க, பிறர் கையில் கொடுக்க விரும்பும் நூலை அச்சில் வாங்குங்கள், அல்லது நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லாத கோப்பாக விற்கும் பதிப்பகத்திடம் வாங்குங்கள். அப்படி விற்பவர்கள் அதைப் பக்கத்திலேயே குறிப்பிடுவார்கள். சில கடைகளில் ஒரே குடும்பத்தினர் நூல்களைப் பகிர்ந்துகொள்ளும் வசதி இருக்கிறது. தம்பியின் கணக்கில் அது உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். காப்புரிமைக் காலம் முடிந்த பழைய நூல் என்றால் வாங்கவே வேண்டாம். 1971-இல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டமும், தமிழ் நூல்களுக்காக 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் தன்னார்வலர்களின் உழைப்பில் அவற்றை இலவசமாகத் தருகின்றன.

கேள்வி: நட்சத்திர மதிப்பீடுகளை நம்பலாமா?

எண்ணிக்கையை நம்ப வேண்டாம். காசு கொடுத்து எழுதி வாங்கும் விமர்சனங்கள் பெருகியதால்தான், அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் போலி விமர்சனங்களைத் தடைசெய்யும் விதியை 2024 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நான் மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதை மட்டும் படிப்பேன். பிடித்தது எது, இடறியது எது என்று இரண்டையும் சொல்பவர்கள் அவர்கள்தான். கதாபாத்திரத்தின் பெயரோ ஒரு காட்சியோ இல்லாமல் "அற்புதம், அனைவரும் படிக்க வேண்டியது" என்று மட்டும் இருப்பதைத் தாண்டிப் போங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. எங்கள் வீட்டில் எல்லோரும் படிப்பதைப் பற்றிப் பேசும்போது, "எனக்குத்தான் கண் தெரியவில்லையே" என்று எழுந்து போய்விடுகிறார். முன்பு நாளுக்கு ஒரு புத்தகம் படித்தவர். என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

வந்த கடிதங்களில் இதைத்தான் நான் பலமுறை படித்தேன். முதல் செலவு கண் மருத்துவருக்காக இருக்கட்டும். கண்புரை என்றால் சிகிச்சைக்குப் பிறகு பழைய புத்தகங்களே கைக்கு வந்துவிடக்கூடும்.

அதன் பிறகும் சிரமம் இருந்தால் மூன்று வழிகள். சாதாரண நூல்களின் எழுத்து 10 முதல் 12 புள்ளி (பாயிண்ட்) அளவில் இருக்கும். பெரிய எழுத்துப் பதிப்புகள் 16 அல்லது 18 புள்ளி. அம்மாவுக்குப் பழகிய தாளும் வாசனையும் அதில் இருக்கும். ஆனால் கிடைக்கும் தலைப்புகள் குறைவு, புத்தகம் கனமாகிவிடும். விரல்மூட்டு வலி இருப்பவர்களுக்கு அந்தக் கனம் பெரிய இடைஞ்சல்.

இரண்டாவது, மின்மைத் திரை (இ-இங்க்) கொண்ட வாசிப்புக் கருவி. கைபேசித் திரைபோல் கண்ணுக்குள் ஒளியைப் பாய்ச்சாமல், தாளைப் போல் வெளிச்சத்தைப் பிரதிபலிக்கும். எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கலாம். வாங்கும் முன் ஒன்றைக் கட்டாயம் சோதியுங்கள். அம்மா படிக்க விரும்பும் நூல்கள் எழுத்துக் கோப்பாக இருக்கின்றனவா, பக்கங்களைப் படம் பிடித்த கோப்பாக இருக்கின்றனவா? பழைய தமிழ் நூல்களின் மின்படிகள் பலவும் இரண்டாம் வகை. அவற்றில் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. பக்கத்தையே பெரிதாக்கி, ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் நகர்த்த வேண்டும். இரண்டே நாளில் கருவியை மூலையில் வைத்துவிடுவார். கடையில் அம்மாவையே உட்கார வைத்து, தமிழ் நூல் ஒன்றைத் திறந்து, பத்து நிமிடம் படிக்கச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள்.

மூன்றாவது ஒலிநூல். அதுவும் படிப்புதான், அப்படியில்லை என்று யாராவது சொன்னால் அம்மாவின் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழு நூலா சுருக்கமா என்று குறிப்பில் பாருங்கள். மாதிரி ஒலியை அம்மாவே கேட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். பத்து மணி நேரம் கூடவே இருக்கப்போகும் குரல் அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். வேகத்தைக் குறைத்துக் கேட்கும் வசதி, தூங்கிவிட்டால் தானாக நிற்கும் வசதி இரண்டும் செயலியில் இருக்கட்டும்.

பார்வைக் குறை அதிகமாக இருந்தால், 2013-இல் கையெழுத்தான மரகேஷ் உடன்படிக்கையையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அச்சு நூலைப் படிக்க முடியாதவர்களுக்காக, உரிமையாளரிடம் தனி அனுமதி பெறாமலே நூல்களை ஒலியாகவும் பெரிய எழுத்தாகவும் மாற்றித் தர அது வழி செய்கிறது. 2016 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் சேர்ந்த நாடுகளில், பார்வையற்றோருக்கான நூலகங்களும் அமைப்புகளும் இப்படி மாற்றிய நூல்களை வழங்கலாம். உங்களுக்கு எட்டும் அமைப்பு எது என்று விசாரித்து, அம்மாவின் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

எந்த வழியாக இருந்தாலும் முதல் நூலை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம். அவர் நாளுக்கு ஒன்று படித்த காலத்தில் எதை இரண்டாம் முறை படித்தார் என்று கேளுங்கள். அதையே ஏற்றிக் கொடுங்கள். அடுத்த முறை வீட்டில் பேச்சு வரும்போது அவரிடமிருந்து தொடங்குங்கள்.