பல வருடமாக ஆடிய ஆன்லைன் கேம் அப்டேட்டில் அடியோடு மாறிவிட்டது. பழகிக்கொள்வதா, விட்டுவிடுவதா?

எந்த கேம் என்று நீங்கள் சொல்லவில்லை. நான் ஆடுவது கிளாஷ் ஆஃப் கிளான்ஸ். நம் ஊரைக் கட்டிக் காத்து, படை திரட்டி அடுத்தவர் ஊரை அடிக்கும் மொபைல் கேம். அதை வைத்தே சொல்கிறேன். விடுவதா பழகுவதா என்பது அப்புறம். அந்த கேமில் உங்களுக்குப் பிடித்திருந்தது எது என்று முதலில் பாருங்கள். பல பேருக்கு அது கைவிட்டுப் போன பிறகுதான் பிடிபடுகிறது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். எங்கள் கிளானில், அதாவது சேர்ந்து ஆடும் குழுவில், பாதிப் பேர் பவர் டேபிள் டைலர்கள், மீதி பல்லடம், சோமனூர் பக்கம் தறி ஓட்டுபவர்கள். முன்பெல்லாம் ஒரு அட்டாக் முடிந்தால் அடுத்த படை தயாராக அரை மணியோ அதற்கு மேலோ ஆகும். எங்கள் வேலைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது அது. காலையில் உள்ளே போகும்போது படையைப் போட்டுவிட்டால் பதினோரு மணி டீக்கு ஒரு அட்டாக். வடையைக் கடித்துக்கொண்டே மறுபடி போட்டுவிட்டு வந்தால் சாப்பாட்டு நேரத்துக்கு இன்னொன்று. ஒன்றரை ஷிஃப்ட் ஓடுகிற நாளில் ராத்திரி ஒன்று கூடுதல்.

2022இல் படைக்கு ஆகும் எலிக்சர் (கேமுக்குள் சேர்க்கும் செல்வம்) செலவை எடுத்தார்கள். 2025 மார்ச்சில் காத்திருக்கும் நேரத்தையும் எடுத்துவிட்டார்கள். ஆடுபவர்கள் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தது என்பதால் எங்கே பார்த்தாலும் கொண்டாட்டம். எங்கள் கிளானில் கொஞ்ச நாளிலேயே சலிப்புத் தட்டியது. ஒன்று முடிந்தால் உடனே அடுத்தது. டீ ஆறிப்போகும், சூப்பர்வைசர் குரல் கொடுப்பார், கை போனை விட்டு வராது. ஆடியதென்னவோ நிறையத்தான், ஆனால் சாயங்காலம் பேசிக்கொள்ளும்படி ஒரு அட்டாக்கூட நினைவில் இருக்காது.

அடித்து நொறுக்குவதைவிட, அதற்கு முன்னால் கிடைத்த இடைவெளிதான் எனக்குப் பிடித்திருந்தது. டேபிளில் நின்று பீஸ் பார்க்கும்போதே அடுத்த படையை எப்படி இறக்கலாம் என்று மனதில் ஓடிக்கொண்டிருக்கும். அது இன்னமும் கிளானும் கிளானும் மோதும் கிளான் வாரில் இருக்கிறது. 2014இல் வந்ததிலிருந்து ஆளுக்கு ரெண்டே அட்டாக், ஒரு நாள் தயாரிப்பு, ஒரு நாள் சண்டை. எதிராளியின் ஊரை முந்தின நாளே பார்த்து வைத்துக்கொள்ளலாம். வெள்ளி ராத்திரி வார் போட்டால் சனி ராத்திரி தொடங்கி ஞாயிறு முழுக்க அடிக்கலாம், சம்பளம் வாங்கிய தெம்பும் இருக்கும். இப்போது நான் வார் மட்டும்தான் ஆடுகிறேன்.

எங்கள் லீடர் அண்ணன் கதை வேறு. அவருக்கு பேஸ் வரைவதில்தான், அதாவது ஊரில் எதை எங்கே வைப்பது என்று அமைப்பதில்தான் பைத்தியம். ஹாக் ரைடர் என்ற படை மதிலைத் தாண்டிக் குதித்து, பக்கத்தில் இருக்கும் டிஃபென்ஸை, அதாவது ஊரைக் காக்கும் கட்டடத்தைத் தேடி ஓடும். ஒன்றை உடைத்துவிட்டு அடுத்ததற்கு எந்தச் சந்து வழியாக ஓடும் என்று கணித்து, அங்கே ஜெயன்ட் பாமைப் புதைத்து வைப்பார். "உடைச்சுப் பாரு மாப்ள" என்று கிளான் ஆட்களுக்கே ஃபிரண்ட்லி சேலஞ்ச் (பழகிப் பார்க்கும் சண்டை) போடுவார். முன்பு வேறு படையோடு அடித்துப் பார்க்க வேண்டுமென்றால் மறுபடி காத்திருக்க வேண்டும். இப்போது நின்ற இடத்திலேயே படையை மாற்றி மாற்றி அடிக்கலாம். "பாம் ஒரு கட்டம் தள்ளிப் போச்சுங்ண்ணா" என்றால் உடனே நகர்த்திவிட்டு மறுபடி கூப்பிடுவார். என் சுகத்தைக் கெடுத்த அதே அப்டேட் அவருக்கு வரம்.

பழசு திரும்பி வரட்டும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. சில கேம்களில் அது நடந்தும் இருக்கிறது. ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் கேம் 2012 கடைசியில் சண்டை முறையை அடியோடு மாற்றி, நிறையப் பேரைக் கோபப்படுத்தியது. 2013 பிப்ரவரியில் 2007 காலத்துப் பதிப்பைத் தனி கேமாக வெளியிட்டார்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டும் 2019இல் கிளாசிக் என்று பழசைக் கொண்டுவந்தது. ஆனால் அந்தப் பழைய ரூன்ஸ்கேப்பும் அப்படியே நிற்கவில்லை. ஆடுபவர்களே ஓட்டுப் போட்டுப் புதுசு புதுசாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாற்றம் வந்ததைவிட, நம்மைக் கேட்காமல் வந்ததுதான் கசக்கிறது போல.

கேமே இல்லாமல் போனதையும் பார்த்திருக்கிறோம். 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தபோது என் தம்பியின் செட்டே இடிந்து போனது. 2021 ஜூலையில் அதன் இந்தியப் பதிப்பு பிஜிஎம்ஐ என்று வந்தபோது அந்த செட்டில் பாதிப் பேர் இன்ஸ்டால்கூடப் பண்ணவில்லை. ஏன்டா என்றால், "பேசிட்டு இருக்கறதுக்குத்தான ஆடுனோம்" என்கிறான். இப்போது அந்த அரட்டை கேரம் போர்டைச் சுற்றி நடக்கிறது.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்வேன். பெரிய அப்டேட் வந்த மாதம் பாஸ் (காசு கட்டிக் கூடுதல் பரிசுகள் பெறுவது) வாங்காதீர்கள். காசு போட்டாயிற்றே என்று ஆட ஆரம்பித்தால், பிடித்து ஆடுகிறோமா என்பதே தெரியாமல் போய்விடும். பாஸ் இல்லாமல், ரேங்க் பார்க்காமல் கொஞ்ச நாள் ஆடிப் பாருங்கள். கை தானாகப் போகவில்லை என்றால் தாராளமாக விட்டுவிடுங்கள். அக்கவுண்டை மட்டும் அழிக்காமல் மெயிலில் இணைத்து வையுங்கள். தீபாவளி லீவில் எங்கள் கிளானுக்கு எட்டிப் பார்ப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படி விட்டுப் போனவர்கள்தான்.